மேகலாவின் வாகைப் பெட்டி

பச்சை ஒயரை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்ற எண்ணம், மதியம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது சிவசெல்விக்கு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. காலையிலிருந்தே அது பட்டறைக்குள் எங்கேயோ மிதந்துகொண்டிருந்திருக்கிறது, மரத்தூள் மாதிரி, இப்போதுதான் கண்ணில் விழுந்து உறுத்துகிறது. குழாயை மூடினாள். கையைச் சுடிதாரிலேயே துடைத்தாள். சுந்தராபுரத்தில் அவள் வாடகைக்கு எடுத்திருந்த தகரக் கொட்டகைக்குள் வெயில் ஓட்டை ஓட்டையாக இறங்கியிருந்தது, மேஜைமேல் அந்தப் பெட்டி நின்றது, வாகை மரத்தில் அவள் செய்த கம்ப்யூட்டர் பெட்டி, அழகாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல், அவனுக்குப் போகிற பெட்டி இவ்வளவு அழகாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் குடித்த மரம் கருப்பட்டி நிறத்தில் மினுங்கியது. சாயங்காலம் நிரஞ்சனும் அவன் மனைவியும் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். பாக்கியிருந்த வேலை ஒயர் வேலை மட்டும்தான். பின்பக்கத்துப் பிளக் குழியிலிருந்து பவர் சப்ளைக்கு மூன்று ஒயர் போக வேண்டும். சிவப்பும் கருப்பும் கரண்டைக் கொண்டுபோகும். பச்சை எதையும் கொண்டுபோகாது. எங்காவது ஏதாவது தவறிப்போனால் அதை மண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக மட்டும் அது காத்துக்கிடக்கும். இரும்புப் பெட்டி என்றால் எல்லாம் தானாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரு திருகு போட்டால் மொத்தப் பெட்டிக்கும் எர்த் வந்துவிடும். மரத்தில் அப்படியில்லை. மதர்போர்டு உட்கார்ந்திருக்கிற அலுமினியத் தகடு தனி, பவர் சப்ளையின் கூடு தனி, முன்பக்கத்துப் பித்தளை சுவிட்சு தனி, பின்பக்கத்துத் தகடு தனி. ஒவ்வொன்றையும் நாமாகத்தான் ஒயர் இழுத்துப் பச்சையோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. மெஷின் ஓடும், ஃபேன் சுற்றும், திரையில் படம் வரும், யாருக்கும் தெரியாது. விரல் வைத்தால் மட்டும் எறும்பு ஊர்வது போல ஒரு நமைச்சல் இருக்கும். அதுவும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறவரைக்கும்தான். உள்ளே ஒரு ஒயரின் தோல் உரிந்துவிட்டால் அப்புறம் எறும்பு இல்லை.

நிரஞ்சன் அதைத்தானே சொன்னான். மரவேலை தெரிஞ்சவங்களுக்குக் கரண்டு தெரியறதில்லைங்க. கேமராவைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, வருத்தப்படுகிற மாதிரி புருவத்தைச் சுருக்கி. அந்தப் புருவத்தை அவளுக்குத் தெரியும், வாடிக்கையாளரிடம் பேசும்போது அவன் போட்டுக்கொள்கிற புருவம், அவர்கள் போனதும் கழற்றி வைத்துவிட்டு, எப்படி நடிச்சேன் பாத்தியா செல்வி என்பான், அவளும் சிரிப்பாள். சிரித்தாள் என்பதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. இரண்டு பேரும் சேர்ந்துதான் மரக் கம்ப்யூட்டர் பெட்டித் தொழிலை ஆரம்பித்தார்கள். அவள் செய்வாள், அவன் பேசுவான், அப்படித்தான் ஏற்பாடு, அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது, பேசுவது அவளுக்கு வராது. அவன் வீடியோ போட்டான், லட்சக்கணக்கில் பார்த்தார்கள், பெங்களூரிலிருந்தெல்லாம் கேட்டு வந்தார்கள். அப்புறம் ஈரோட்டுப் பெட்டி. ஒரு ஸ்டூடியோக்காரருக்குச் செய்தது. நிரஞ்சன் கொண்டுபோய் வைத்த சில வாரத்திலேயே புகைந்து, மரம் கருகி, பக்கத்திலிருந்த திரைச்சீலையில் பிடித்து, அணைக்கப்போன மனிதருக்கு முழங்கைவரை வெந்துபோனது. அந்த வாரமே நிரஞ்சன் வீடியோ போட்டுவிட்டான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கூட வேலை செஞ்சவங்களை நம்பிட்டேன், அது என் தப்புதான், என்றான். கூட வேலை செஞ்சவங்க என்றால் யார், இருந்தது ஒரே ஆள். கீழே வந்து விழுந்த கமெண்டுகளை அவள் அன்றைக்கு முழுவதும் படித்தாள். படிக்கக் கூடாது என்று தெரிந்தும், புண்ணைப் பிய்க்கிற விரல் மாதிரி, தள்ளித் தள்ளிப் படித்தாள். பொம்பளைக்கு எதுக்கு ரம்பம். வீட்டுல அடுப்பப் பத்தவைக்கச் சொன்னா ஸ்டூடியோவையே பத்தவெச்சிருச்சு. அதற்கு ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். அப்பா அந்த வீடியோவைக் கடைசிவரை பார்த்தார். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். "சாப்புடறியாம்மா," என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம். அவளை இல்லை, அவனை. ஒரு வார்த்தை அவனைத் திட்டியிருக்கலாம். திட்டாததால் அப்பாவும் நம்பிவிட்டாரோ என்று ஒரு முள் உள்ளேயே தங்கிவிட்டது. கேட்கவும் முடியவில்லை.

அவளே நம்பினாளே, அதை எங்கே போய்ச் சொல்வது. கொஞ்ச காலம் அவளே நம்பினாள். எங்கே விட்டேன், எந்த ஒயரை, சூடு வெளியே போகிற வழியைச் சின்னதாக வைத்துவிட்டேனா, என்று பல் துலக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அந்தப் பெட்டியை மனசுக்குள் பிரித்துப் பிரித்துப் பூட்டினாள். கடைசியில் ஈரோட்டுக்கே போனாள். கையில் கட்டோடு அந்த மனிதர் வாசலில் நின்று, எடுத்துட்டுப் போங்க, பாக்கவே பிடிக்கலை, என்றார். பஸ்ஸின் கடைசி சீட்டில் கருகிய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், கரிவாசனைக்கு முன்சீட்டுக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பட்டறைக்கு வந்து பிரித்தபோதுதான் தெரிந்தது. கிராபிக்ஸ் கார்டின் சூடு வெளியேறுவதற்காக அவள் பக்கவாட்டில் விட்டிருந்த நீளத் துளைகளை உள்ளிருந்து ஒரு பலகை மூடியிருந்தது. ஸ்டூடியோவின் பெயரைச் செதுக்கிய பலகை. எதிர்ப்பக்கத்துக் கண்ணாடி வழியாக வீடியோவில் எடுப்பாகத் தெரியட்டும் என்று, எடுத்துக்கொண்டு போன வழியில் எங்கேயோ, அவளுக்குத் தெரியாமல் வைத்துத் திருகியிருக்கிறான். துளையை மூடி எழுத்தைக் காட்டியிருக்கிறான். மூச்சை அடைத்துவிட்டு, செத்ததற்குப் பெற்றவளைக் குற்றம் சொல்லியிருக்கிறான். போன் செய்தாள், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனாள், வெளியூர் என்றார்கள். பதிலுக்கு ஒரு வீடியோ போடலாமென்றால், கேமரா முன் பேச அவளுக்கு வாய் வராது. உண்மை தெரிந்தால் நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை, இன்னும் கனத்தது. தப்பு தன்னுடையது என்று நினைத்தவரை அழுகைதான் வந்தது. அன்றிலிருந்து அழுகை நின்று இது வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டே தூங்குகிற இது.

மேகலா போன் செய்தபோது அவளுக்கு யாரென்று தெரியாது. ஒரு வீட்டில் சிவசெல்வி செய்துகொடுத்த அலமாரியைப் பார்த்தாளாம், அதே போல வளைவு வைத்து ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வேண்டுமாம், வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவளாம். குரல் நன்றாக இருந்தது, அவசரமில்லாத குரல். "எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுங்க, பார்ட்ஸ் எல்லாம் அவரே வாங்கி அனுப்பிருவாரு. நிரஞ்சன்னு. உங்களத் தெரியும்னாரு, முன்னாடி ஒண்ணா வேலை செஞ்சீங்களாமே." சிவசெல்வி போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். "நல்ல கார்ப்பென்டர்னு சொன்னாருங்க," என்றாள் மேகலா. நல்ல கார்ப்பென்டர். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான், கல்யாணத்துக்கு முந்தைய அந்த வீடியோவை மனைவி பார்த்ததில்லை போல. வேறு யாரிடமாவது செய்யலாம் என்று தடுக்கப் பார்த்திருப்பான், ஏன் என்று மேகலா கேட்டிருப்பாள், பதில் சொல்ல வாய் வந்திருக்காது. முடியாதுங்க என்று போனை வைத்திருக்கலாம். செய்யறேங்க என்றது யாருடைய வாய் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அன்றிலிருந்து பசித்தது. நன்றாகச் சாப்பிட்டாள். காய்ந்த வாகையாகத் தேடி உக்கடம் மரக்கடைகளில் அலைந்தாள், ஈரம் இருந்தால் பெட்டி சூட்டில் முறுக்கிக்கொள்ளும். காதுக்கு மூடி போட்டு, மூக்கில் துணி கட்டி, முடியை இறுக்கி முடிந்து, ரம்பத்தின் பாதுகாப்புத் தகட்டை இறக்கிவிட்டுத்தான் ஒவ்வொரு பலகையையும் அறுத்தாள். அறுக்கும்போதெல்லாம் அவனோடு பேசிக்கொண்டிருந்தாள். ரம்பச் சத்தத்தில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், யாருக்கும் கேட்காது. அவளுக்கே கேட்காது.

இப்போது பச்சை ஒயரின் நுனியை விரலால் மடக்கினாள். கருப்பு டேப்பைக் கிழித்துச் சுற்றினாள், இன்னொரு சுற்றும் சுற்றினாள், பிளக் குழிக்குப் பின்னால் தள்ளினாள். சிவப்பையும் கருப்பையும் பூட்டினாள். மூடித் தகட்டை வைத்துத் திருகை முடுக்கினாள். அவ்வளவுதான். அவன்தான் முதலில் போடுவான். வீட்டுக்குப் போனதும் அவன்தான் குனிந்து பிளக்கைச் சொருகுவான், எல்லாம் தெரிந்தவன் ஆச்சே, பின்பக்கத் தகட்டில் கையை ஊன்றிக்கொண்டு எட்டிப் பார்ப்பான், அப்போது ஊரட்டும். கையை உதறட்டும். உதறியதை மனைவி பார்க்கட்டும். அது போதும், அதற்குமேல் வேண்டாம், அவள் கொலைகாரி இல்லை, ஒரு நமைச்சல், ஒரு உதறல். ஆனால் கரண்டுக்கு இதற்குமேல் வேண்டாம் என்று யார் சொல்வது. ஈரக் கையாக இருந்தால். இருக்கட்டுமே, ஈரோட்டுக்காரருக்கு வெந்த கை வெந்ததுதானே, அவர் வேண்டாம் என்றா சொன்னார். இல்லை, அவர் எதற்கு இங்கே வருகிறார். உப்புத்தாளை எடுத்து, ஏற்கெனவே வழவழவென்றிருந்த மூலையைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க எண்ணெய்ப் பூச்சு போய் வெளிறியது, அதற்கு மறுபடி எண்ணெய் தொட்டுத் துணியால் தடவினாள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் எறியப் போனவள், நிறுத்தி, வெளியே கொண்டுபோய்க் கம்பியில் விரித்துப் போட்டாள். ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டி வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடித்துக்கொள்ளும். வெயிலில் நின்றபோது சிரிப்பு வந்தது. துணிக்கு இவ்வளவு பார்க்கிறாய். உள்ளே என்ன செய்து வைத்திருக்கிறாய். எதிர் ஒர்க்‌ஷாப்பில் யாரோ பைக்கை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் கை. அவன் கையைத்தான் நினைக்க வேண்டும், அந்த நீள விரல்கள், கேமராவின் முன் விரித்து விரித்துப் பேசுகிற விரல்கள். நினைத்தாள். நினைத்த இடத்தில் வளையல் போட்ட கை வந்தது. போ என்றாள். போகவில்லை.

அந்த நேரம் பார்த்து மேகலாவே போன் செய்தாள்.

"ஏனுங்க, தொந்தரவு பண்றேனா. ஒரு சின்ன விசயம் கேக்கணும்."

"சொல்லுங்க."

"பெட்டிய மேஜைக்குக் கீழதான் வைக்கப் போறேன். எனக்கு வெறுங்கால்ல உக்காந்துதான் வேலை ஓடும், காலு சும்மா இருக்காது, எதுலயாச்சும் முட்டுக் குடுத்துட்டே இருப்பேன். இரும்புப் பொட்டின்னா ஜில்லுன்னு இருக்கும்னுதான் மரத்துல கேட்டதே. பின்னாடி தகடு இருக்குதுன்னீங்களே, அதுல காலு பட்டா ஒண்ணும் ஆகாதில்லீங்க?"

சிவசெல்வி சுவரைப் பார்த்தாள். சுவரில் ரம்பங்கள் வரிசையாகத் தொங்கின.

"ஒண்ணும் ஆகாதுங்க," என்றாள்.

"அதான் கேட்டேன். அவருகிட்டக் கேட்டா, அத அவகிட்டயே கேளுன்னுட்டாரு. ஆறு மணிக்குள்ள வந்தர்றோங்க."

போனை வைத்த பிறகும் அந்தச் சொல் வாயிலேயே இருந்தது. ஒண்ணும் ஆகாதுங்க. எவ்வளவு சுலபமாக வந்தது, அவன் பேசுகிற மாதிரி, அதே வழுக்கலோடு, புருவத்தைக்கூடச் சுருக்கியிருப்பாளோ என்னவோ. அதுதான் முதலில் தைத்தது. வெறுங்கால் இல்லை, அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் இல்லை, இரக்கம் அப்புறம் வந்தது, முதலில் வந்தது அருவருப்பு. அப்புறம் இன்னொன்று வந்தது. மெதுவாக, படி ஏறி வருகிற ஆள் மாதிரி. பெட்டியில் கரண்டு அடித்தால் நிரஞ்சன் என்ன செய்வான். கையை உதறுவான், மனைவியைப் பார்ப்பான், பிறகு போனை எடுத்து நிறுத்திவைத்துப் பேசுவான். நான் அப்பவே சொன்னேனே, மரவேலை தெரிஞ்சவங்களுக்குக் கரண்டு தெரியறதில்லைங்க. இந்தத் தடவை அது உண்மையாக இருக்கும். இரண்டு வருசமாக அவன் சொல்லிக்கொண்டு திரிந்த பொய்க்கு, இவ்வளவு பாடுபட்டு, தேடிப்பிடித்த வாகையில், இவளே சாட்சி செய்து வைத்திருக்கிறாள். அப்பா அந்த வீடியோவையும் கடைசிவரை பார்ப்பார். போனைக் கவிழ்ப்பார். சாப்புடறியாம்மா. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். ச்சீ, என்றாள் சத்தமாக. அவனுக்கு இவ்வளவு நல்லதை நான் செய்வேனா.

எழுந்து திருகைக் கழற்றினாள். டேப்பைப் பிய்த்து எறிந்தாள். பச்சை ஒயரின் நுனியைச் சீவி, செம்பு வளையம் வைத்து இடுக்கியால் நசுக்கி, பிடித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. பவர் சப்ளைக் கூட்டில் அது உட்காரும் இடத்துப் பெயின்ட்டைச் சுரண்டினாள், பெயின்ட்மேல் வைத்தால் பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. அவனைச் சுரண்டுகிற மாதிரிதான் சுரண்டினாள், உலோகம் வெள்ளையாகச் சிரிக்கும்வரை. பல் வைத்த வாஷர், திருகு, முடுக்கு. அங்கிருந்து அலுமினியத் தகட்டுக்கு ஒன்று, பித்தளை சுவிட்சுக்கு ஒன்று, பின்தகட்டுக்கு ஒன்று. இரக்கமில்லாமல் செய்தாள். இப்படி ஒரு வெறுப்போடு அவள் எந்தப் பெட்டியையும் பத்திரமாகச் செய்ததில்லை. கிராபிக்ஸ் கார்டுக்கு எதிரே மரம் நேராகச் சூடு வாங்காமல் இன்னொரு தகடு வளைத்துப் பூட்டினாள், அது தேவையே இல்லை, இருக்கட்டும், எவனும் விரல் நீட்டக் கூடாது. கீழே காற்று உள்ளே வருகிற துளை, மேலேயும் பின்னாலும் வெளியே போகிற துளை, கையை வைத்துக் காற்றைப் பார்த்தாள். அந்தத் துளைகளை இனி ஒரு பலகை வைத்து மூட முடியாதபடி கம்பி வலையைப் புடைப்பாக அடித்திருந்தாள், அது என்றைக்கோ முடிவு செய்தது. மூலை முடுக்கிலிருந்த மரத்தூளை வேக்குவம் போட்டு உறிஞ்சினாள். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் பின்னில் வைத்து, மறுமுனையால் ஒவ்வொரு உலோகத்தையும் தொட்டாள். தொட்ட இடமெல்லாம், இணைப்பு சரி என்று, பீப் என்றது. அந்தச் சத்தம் இனித்தது. மறுபடி ஒரு சுற்று தொட்டாள். கோபம் தீர்ந்ததா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். தீரவில்லை. அப்படியேதான் இருந்தது, ஆனால் இப்போது அதற்கு நிற்க ஓர் இடம் கிடைத்திருந்தது.

வெயில் சாய்ந்ததும் கார் வந்து நின்றது. மேகலா முதலில் இறங்கி வந்தாள், அவன் பின்னால் வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். "எப்படி இருக்க செல்வி," என்றான். "இருக்கேன்," என்றாள். மேகலா பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள், வளைவைத் தடவினாள், குனிந்து முகர்ந்தாள், "ஐயோ, வாசம் பாருங்க," என்று கணவனைக் கூப்பிட்டாள். அவன் வாசலோரத்திலேயே நின்றான். சிவசெல்வி பிளக்கைச் சொருகி சுவிட்சை அழுத்தினாள். ஃபேன்கள் மெல்ல எழுந்து சுற்றின, காது கொடுத்தால்தான் கேட்டது. மேகலா செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள், வழவழப்பான மரத்தைப் பார்த்ததும் கழற்றிவிட்டிருப்பாள் போல, வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்றுகொண்டு, பின்பக்கத் தகட்டைத் தொடக் கையை நீட்டினாள். விரல் படப்போன நேரத்தில் நிரஞ்சன் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் ஒரு வளையல் உடைந்து தரையில் விழுந்தது.

மேகலா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டாள்.

"எதுக்கு இழுத்தீங்க?"

"இல்ல, ஓடிட்டு இருக்குது. தொட வேண்டாம்."

"நான் என்ன சின்னப் பாப்பாவா, கண்டதையும் தொட? தொடலாம்னு அவங்ககிட்டக் கேட்டுத்தான் தொடப் போனேன்." சிவசெல்வியைப் பார்த்தாள். "தொடலாந்தானுங்க?"

சிவசெல்வி தன் இரண்டு உள்ளங்கையையும் பின்தகட்டில் பரப்பி வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள். அவன் முகம் வெளிறியிருந்ததை இப்போதுதான் முழுதாகப் பார்த்தாள். மேல் உதட்டில் வியர்வை. அவன் பயந்திருக்கிறான். அவள் என்ன செய்திருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. செய்தால் அது நியாயம்தான் என்றும் தெரிந்திருக்கிறது. காரில் வழியெல்லாம் இந்தக் கணத்தை நினைத்துக்கொண்டே வந்திருக்கிறான். பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள். மேகலாவைப் பார்த்து மட்டும், "உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்க," என்றாள்.

மேகலா தகட்டைத் தொட்டாள். பிறகு அந்தக் கையை எடுக்காமலே கணவன் பக்கம் திரும்பினாள்.

"நல்ல கார்ப்பென்டர்னுதான சொன்னீங்க. அப்புறம் எதுக்கு இந்தப் பயம்? இவங்க எனக்கு எதுக்குக் கெடுதல் பண்ணணும்?" அவன் வாசல் பக்கம் பார்த்தான். "இல்ல, உங்களுக்கா?"

"வீட்டுக்குப் போயிப் பேசலாம் மேகலா."

"இங்கயே பேசலாம்," என்று அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். "நீங்க என்ன பண்ணுனீங்க இவங்கள?"

ஒர்க்‌ஷாப்பில் பைக் சத்தம் எழுந்து அடங்கியது. நிரஞ்சன் புருவத்தைச் சுருக்கினான், அது நிற்கவில்லை, நழுவிவிட்டது. வெறும் முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேகலா காத்திருந்தாள். அவசரமில்லாத பெண்தான் அவள். கடைசியில் அவன், மரத்தூளோடு பேசுகிறவன் மாதிரி, ஈரோட்டுப் பொட்டியில காத்துப் போற வழிய நான்தான் பலகை வெச்சு மூடுனேன், செல்விக்கு அது தெரியாது, என்றான்.

பட்டறை அமைதியாக இருந்தது. அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூட விடாமல் சிவசெல்விக்கு நன்றாகவே கேட்டிருந்தது.

"சரியாக் கேக்கலை," என்றாள். "இன்னொருக்காச் சொல்லு."